கூட்டல் கழித்தல் முப்பது

ஐந்தடிக்கு அப்பால் தில்லியே இல்லாத
ஒரு ஜனவரிக் காலையில்
பொட்டலம் வந்தது.

யமுனைக்கரை மேட்டில்
விரைவுச்சாலைக்குப் பள்ளம் பறித்தபோது
தட்டுப்பட்டதாம் ஓர் அடுப்பு.
மூன்று கல். கொஞ்சம் சாம்பல்.
சாம்பலுக்குள் கருகிய கொள்ளு,
இரண்டே மணி.

உறைமேல் அங்கயற்கண்ணியின் கோணல் எழுத்து:
குழி நான்கு, ஆழம் இரண்டு மீட்டர் பத்து.
தும்மிவிடாதே.

தோமர் அதைக் குல்த்தி என்றான்.
நான் கொள்ளு என்றேன்.
இரண்டு பெயருக்கும்
அது ஏன் என்று கேட்கவில்லை.

அமிலத்தில் குளிப்பாட்டி
காரத்தில் குளிப்பாட்டி
மறுபடியும் அமிலத்தில்.
ஒட்டிய மண்ணும் நுழைந்த வேரும் கழன்று
ஒரு மணி மட்டும் தராசில் நின்றது:
பதினொரு மில்லிகிராம்.
வயது தெரிய வேண்டுமானால்
எரிக்க வேண்டும்.
ஒருமுறை எரிந்து பிழைத்ததை
மறுமுறை, மிச்சம் வைக்காமல்.

புகையைப் பிடித்துக் கரியாக்கி
ஊசித்துளையில் அழுத்திக் கொடுத்தோம்.
உண்டியல் திறந்த கோயில் கணக்கர்போல
இயந்திரம் அணு அணுவாய் எண்ணத் தொடங்கியது.

எண்ணி முடிவதற்குள் தொலைபேசி.
ஒரு தொலைக்காட்சி: நாட்டிலேயே பழையதா மேடம்?
ஓர் அலுவலகம்: ஐந்நூறு வருஷம்
பின்னுக்குத் தள்ள முடியாதா?
முன்பின் தெரியாத ஒருவர்:
அது அவர்கள் அடுப்பா, நம் அடுப்பா?
கொள்ளு வேகவைத்தவர்கள் அடுப்பு என்றேன்.
வைத்துவிட்டார்.

பதமாய் வெந்த கொள்ளெல்லாம்
அன்றைக்கே தின்று தீர்ந்துபோனது.
பசித்த வயிற்றில் இறங்கியதற்குச் சாட்சி கிடையாது.
பிள்ளை அழுததோ
மாடு கயிறறுத்துக்கொண்டதோ
யாரோ எழுந்து ஓடிய அந்தக் கொஞ்ச நேரத்தில்
சிந்திக் கருகியது மட்டும்தான்
எங்கள் கைக்கு வந்து சேர்கிறது.
நாகரிகம் என்று நாங்கள் அட்டவணை போடுவதெல்லாம்
பெரும்பாலும் அடிப்பிடித்தது.

வியாழனன்று முடிவு.
நிகழ்காலத்துக்கு முன்
இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபது,
கூட்டல் கழித்தல் முப்பது.

நிகழ்காலம் என்றால் இன்றைக்கு இல்லை.
எங்கள் கணக்கில் அது
ஐம்பதாம் வருஷத்திலேயே நின்றுவிட்டது.
பிறகு வெடித்த குண்டுகள்
காற்றையே குழப்பிவிட்டன.
நான் பிறந்தது எழுபத்தெட்டில்,
நிகழ்காலம் முடிந்து வெகுநாள் கழித்து.

அந்தக் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் நடுவே
ஒருத்தி பிறந்து, சமைந்து,
நாலு பெற்று, இரண்டைப் புதைத்து,
பல் போய்ச் செத்தும் இருக்கலாம்.
அறுபது வருஷம்.
எங்கள் தாளில் அதற்குப் பெயர்
பிழை.

அங்கயற்கண்ணியிடம் சொன்னேன்.
அப்படியா என்றாள்.
பின்னால் மண்வாரியின் இரைச்சல்.
நாளைக்கு மூடுகிறார்கள்.
கல் மூன்றுக்கும் எண் போட்டு எடுத்துவிட்டேன்,
அவை இருந்த இருப்பைத்தான்
எடுக்க முடியவில்லை என்றாள்.

அன்றிரவு முனிர்க்கா அறையில்
நானும் கொள்ளு போட்டிருந்தேன் குக்கரில்.
மறுபடி அந்த அலுவலகம்.
தள்ள முடியாது என்பதை
மூன்று விதமாய்ச் சொல்லி முடிப்பதற்குள்
விசில் ஓய்ந்து வாடை வந்தது.
கரண்டியால் சுரண்டிக் கட்டி வைத்தேன்.
காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்த வண்டி
ஓக்லா மேட்டுக்குக் கொண்டுபோனது.
அங்கே அடுக்குகள்
நாளொரு சாண் ஏறுகின்றன.

இன்னொரு மணியை என்ன செய்ய
என்று கேட்டான் தோமர்.
வயது தெரிந்த மணி இப்போது இல்லை.
இருக்கிற மணிக்கு
வயது பார்க்கவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு
உறையில் போட்டு ஒட்டினேன்.
தும்மவில்லை.